ஓடைத் தட்டானுக்கு நிழல் ஏன்?

மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கப்படும் நீர் கல்லணையைக் கடந்து வந்து பூதலூர் வயல்களை நனைத்த சில வாரங்களில், பயிருக்கு மேலே மஞ்சள் தட்டான்கள் திரள்திரளாகப் பறக்கக் காண்கிறோம். வாய்க்கால் வற்றுமுன், ஏறக்குறைய இரண்டு மாதத்திற்குள்ளேயே, நீர்ப்பருவத்தை முடித்துக்கொள்ளும் சமர்த்துடைய ஜாதி அது. அதைப் பற்றிக் கவலை வேண்டா.

மேற்குத் தொடர்ச்சி மலையின் வனத்து ஓடைகளன்றி வேறெங்கும் வாழாததும், 1915-இல் லெய்ட்லா என்னும் விஞ்ஞானியால் வர்ணிக்கப்பட்டதும், அபாயத்துக்குள்ளான ஜீவன்களின் சர்வதேசச் செம்பட்டியலில் இடம்பெற்றதுமான இண்டோஸ்டிக்டா டெக்கனென்சிஸ் என்ற ஊசித்தட்டானின் கதையோ வேறு. ஊசித்தட்டானின் குஞ்சு, வால்நுனியிலுள்ள மூன்று செவுள்களாலும் தோலாலும், நீரில் கரைந்த பிராணவாயுவைச் சுவாசிக்கிறது. 20 பாகைச் சூட்டில் ஒரு லிட்டர் நீர் ஏறக்குறைய 9 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்குமாயின், 30 பாகையில் ஏழரையே தாங்கும். ஆகவே, கரைமரத்தை வெட்டி வெயிலை உள்ளே விட்டவன், கல்லின் அடியில் ஒளிந்திருக்கும் அச்சிற்றுயிரின் மூச்சையே குறைத்தவனாகிறான். மண் அரித்து வந்து கல்லிடுக்குகளைத் தூர்ப்பது அதற்குமேல் ஒரு துன்பம். கூண்டில் வளர்த்துக் கொண்டுபோய் விடுவதெல்லாம் வீண் ஆடம்பரம் என்பது என் அபிப்பிராயம். ஓடையின் இருமருங்கும் மரங்களை விட்டுவைப்பதும், கோடையில் ஊற்றுநீர் முழுவதையும் குழாய் வைத்து உறிஞ்சாதிருப்பதுமே முதலில் செய்யத்தக்கவை.