திருடு போகும் பெயர்

பொருளைத் திருடுவோரினும் பெயரைத் திருடுவோர் கொடியவர். பிறருடைய ஆதார் நகலைக் காட்டிச் சிம் கார்டு வாங்குவர்; கடனும் பெறுவர். கடன்காரராக நிற்பவரோ ஏதுமறியாத உரியவர்! தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின்படி இக்குற்றத்திற்கு 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

நகல் தரும்போது காரணத்தையும் தேதியையும் அதன்மேல் எழுதிக் கையொப்பமிடுதல் நலம். ஆதாரில் கைரேகையைப் பூட்டிவைக்கும் வசதியும் உண்டு. ஓ.டி.பி.யை எவருக்கும் சொல்லலாகாது.

பணம் பறிபோனால் உடனே 1930-ஐ அழைத்து, வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். நம் பெயரில் வேறெவரும் கடன் பெற்றுள்ளனரா என்பதைச் சிபில் அறிக்கையில் ஆண்டுக்கொரு முறை இலவசமாகக் காணலாம். தவறிருப்பின் திருத்தக் கோரலாம்.

என் தந்தையார் காட்டிய இடத்தில் கைநாட்டு வைப்பவர். நம்மில் பலர் வீட்டிலும் இதே நிலைதான். நண்பர்களே, நம் படிப்பு முதலில் பெற்றோரின் பெயரைக் காக்கட்டும்!