வென்றவன் விட்டுச் சென்ற பொன்

ஓரிக்கைக்கு அப்பெயர் வந்த கதை காஞ்சிவாசிகள் அறிந்ததே. பல்லவ மன்னன் கணிகண்ணனை நாட்டை விட்டு வெளியேறச் சொல்ல, திருமழிசையாழ்வாரும் உடன் புறப்பட, வெஃகாப் பெருமாளும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக் கொண்டு பின்தொடர்ந்தாராம். அவர்கள் ஓர் இரவு தங்கிய 'ஓரிரவிருக்கை'யே ஓரிக்கை ஆயிற்று என்பர்.

இவ்வூர்ப் பிள்ளைகளுக்குச் சென்ற மாதம் தென் அமெரிக்காவின் இன்கா மன்னர்களைப் பற்றிப் பாடம் சொன்னோம். அவர்களுடைய தலைநகர் கூஸ்கோ. அங்கிருந்த சூரியன் கோயிலுக்குக் கொரிகாஞ்சா என்று பெயர். "அங்கும் ஒரு காஞ்சியா!" என்று வகுப்பே சிரித்தது. பொன் மதில் சூழ்ந்த இடம் என்பது அதன் பொருள்; நம் ஊருக்கும் அதற்கும் உறவு ஒன்றுமில்லை. அக்கோயிற் சுவர்களில் பதித்திருந்த பொற்றகடுகள், சிறைப்பட்ட இன்கா மன்னனின் மீட்புப் பணத்துக்காகப் பெயர்க்கப்பட்டன. ஸ்பானியர் பொன்னை உருக்கிக் கொண்டு, 1533-ல் மன்னனையும் கொன்றனர். பின்னர் அக்கோயிற் சுவர்மேலேயே தங்கள் மடாலயத்தை எழுப்பினர். 1950-ல் பூமி அதிர்ந்தபோது மடாலயம் சிதைந்தது. சுண்ணாம்பின்றிப் பொருத்திய இன்காச் சுவர் அசையவில்லை.

நெசவாளர் வீட்டுப் பையன் ஒருவன் எழுந்தான். சரிகையின் விலை அறிந்தவன். "ஸார், நம் காஞ்சியை யாரும் பிடிக்கவில்லையா? கோயில் பொன் என்ன ஆயிற்று?" என்றான்.

அடுத்த ஞாயிறன்று பத்துப் பிள்ளைகளுடன் புறப்பட்டோம். பல்லவர் அரண்மனை இருந்ததாக ஊரார் சொல்லும் பல்லவர் மேட்டில் பார்க்க அதிகமில்லை, மண்மேடுதான். நகரின் மேற்குக் கோடியிலுள்ள கைலாசநாதர் கோயிலோ, ராஜசிம்ம பல்லவன் கட்டி ஏறக்குறைய 1,300 ஆண்டுகளாகியும் நிற்கிறது. மதிலை ஒட்டி 58 சிறு சன்னதிகள். மணற்கல் சிங்கங்கள் மழையில் கரைந்து முகம் மழுங்கியிருக்கின்றன. கருவறையைச் சுற்றியுள்ள குறுகிய வழியில் பிள்ளைகள் தவழ்ந்து போய்த் தவழ்ந்து வந்தார்கள். நமது சரீரம் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

நாம் காட்ட விரும்பியது மண்டபத்துத் தூண் ஒன்றில் உள்ள கன்னடச் சாசனம். எட்டாம் நூற்றாண்டில் காஞ்சியை வென்ற சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் பொறித்தது. இக்கோயிலின் செல்வத்தைக் கண்டும் கவராமல், இறைவனுக்கே திரும்ப அளித்ததாக அதில் சொல்கிறான். வென்றவன் தன்னைப் பற்றித் தானே எழுதியதுதான். ஆயினும் கோயில் நம் கண்முன் நிற்கிறதே! அவனுடைய ராணி லோகமகாதேவி பட்டடக்கல்லில் இதைப் பின்பற்றி ஒரு கோயிலும் எழுப்பினாள். சாசனத்தை அழிப்பவர்கள், இந்நகரத்துக் கடிகையின் மகாஜனங்களைக் கொன்றவர்கள் போகும் கதிக்கே போவார்கள் என்று அது முடிகிறது. கடிகை என்பது அக்காலக் கல்விச்சாலை. உபாத்தியாயரைக் கொல்வதைவிடப் பெரிய பாவம் பகையரசனுக்கும் தோன்றவில்லை என்பதில் நமக்குச் சற்றுப் பெருமைதான்.

அத்துடன் நிறுத்தியிருக்கலாம். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன், 642-ல், நம் நரசிம்மவர்மன் அந்தச் சாளுக்கியரின் வாதாபியைப் பிடித்து 'வாதாபி கொண்டான்' எனப் பெயர் பெற்றதையும் சொல்லி வைத்தோம்.

சரிகைப் பையன் தூணிலிருந்து கையை எடுத்தான்.

"அங்கே இருந்த பொன்னை நாம் திருப்பிக் கொடுத்தோமா, ஸார்?"

வாதாபிப் பாறையில் நரசிம்மவர்மன் தன் வெற்றியைப் பொறித்திருக்கிறான் என்பதை மட்டும் சொன்னோம். அடுத்த விடுமுறைக்கு அங்கே போய்ப் பார்த்தாக வேண்டுமென்று பிள்ளைகள் வழி நெடுகப் பிடிவாதம் பிடித்துக் கொண்டு வந்தார்கள்.