துவக்கும் அடைவு கடையும்

மாரி மழையின் முதற் குறி கண்டதும் தண்ணீரூற்று, முள்ளியவளை, குமுழமுனை முதலிய ஊர்களிலே காலபோக விதைப்புக்கான ஆயத்தங்கள் தொடங்கிவிடும். உழவுக்கூலி, விதைநெல், பசளை என்று செலவுகள் ஒன்றன்பின் ஒன்றாய் வந்து வாயிலில் நிற்கும். அப்பொழுது கமக்காரர் வீட்டுப் பெட்டியிலிருந்து காப்பும் சங்கிலியும் அடைவுக்குப் புறப்படுவது வன்னியில் ஆண்டுதோறும் நிகழும் ஒரு சடங்கு போன்றது. அரிவி வெட்டி, சூடடித்து, நெல் விற்றபின் அவை வீடு திரும்பும். திரும்புமா என்பது மழையைப் பொறுத்தது. மழைக்கு அடுத்தபடியாகக் காட்டுப் பன்றியைப் பொறுத்தது. குடலைப் பருவத்து நெல்வயலிற் பன்றிக் கூட்டம் ஓரிரவு புகுந்தெழுந்தால், மீட்கப்படாத நகைகளின் தொகை அவ்வூரில் அவ்வாண்டு கூடும்.

இதனாலேதான் காட்டை அண்டி வாழும் கமக்காரனுக்கு மண்வெட்டியும் கலப்பையும் போலத் துவக்கும் ஒரு தொழிற் கருவியாயிற்று. தண்ணீரூற்றைச் சேர்ந்த எழுத்தாளர் அ. பாலமனோகரன் எழுதி 1973இல் வெளிவந்த ‘நிலக்கிளி’ நாவல், தண்ணிமுறிப்புக் காட்டோர வாழ்வைக் களமாகக் கொண்டது. வேட்டையும் வயலும் ஒரே வாழ்வின் இரு கைகளாய் இருந்த காலத்தை அதிற் காணலாம். ‘துவக்கு’ என்ற சொல்லே கடல் கடந்து வந்தது. துருக்கிய மொழியின் ‘துபக்’ என்னும் சொல் தமிழகத்திலே துப்பாக்கி என்றும், ஈழத்திலே துவக்கு என்றும் வழங்கலாயிற்று. ஊர்க் கொல்லர் செய்து கொடுத்த வாய்வழி அடைக்கும் துவக்குக்கு வன்னி மக்கள் ‘இடியன்’ எனப் பெயரிட்டனர். கருமருந்தைக் கொட்டி, தும்பு வைத்து, ஈயச் சன்னங்களைப் போட்டுக் கம்பியால் இடித்து இறுக்குவதனால் அப்பெயர் மிகப் பொருத்தமானதே.

புதிய துவக்கு வாங்கப் பெரும் பணம் வேண்டும். எனவே, ஒருவர் பாவித்துவிட்ட துவக்கை மலிவாக வாங்கலாமா என்ற எண்ணம் எழுவது இயல்பு. பணமுடை உற்றவனுக்கோ, வீட்டின் மூலையிற் சார்த்தியிருக்கும் துவக்கை ஈடு வைத்தால் என்ன என்ற எண்ணம் எழும். மணிக்கூட்டையும் தையல் இயந்திரத்தையும் அடைவு வைக்கலாமாயின் துவக்கை ஏன் வைக்கலாகாது? இக் கேள்விக்கு உலகம் ஒரே விடை அளிக்கவில்லை.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அடைவு கடைகள் பலவற்றிலே கிற்றார் வாத்தியங்களுக்கும் கைக்கடிகாரங்களுக்கும் அருகே துவக்குகள் வரிசையாகத் தொங்குவதைக் காணலாம். பணம் வேண்டியவன் துவக்கை வைத்துக் கடன் பெறுகிறான். தவணை தப்பினால் அது கடைக்காரனுக்கு உரியதாகி விற்பனைக்கு வருகிறது. ஆனால், இது கட்டற்ற வாணிகம் என்று எண்ணுதல் தவறு. 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி அத்தகைய கடைக்காரன் மத்திய அரசின் உரிமம் பெற்றிருத்தல் வேண்டும். அடைவு பிடிப்போருக்கென்றே அவ்வுரிமத்தில் ஒரு தனி வகுப்பு உண்டு. வாங்குபவன் 4473ஆம் இலக்கப் படிவத்தை நிரப்ப வேண்டும்; 1998 நவம்பர் தொடக்கம் அவனுடைய குற்றப் பதிவுகளைத் தேசியப் பரிசோதனை முறை ஒன்றின்வழி விசாரித்தறிதலும் வழமையாயிற்று. வியப்பு யாதெனில், தன் சொந்தத் துவக்கையே அடைவு வைத்தவன், கடனையும் வட்டியையும் செலுத்தி அதனை மீட்க வரும்போதும் அதே படிவத்தை நிரப்பி அதே விசாரணைக்கு உட்பட வேண்டும். துவக்கைக் கடையில் வைத்த நாளுக்கும் மீட்கும் நாளுக்கும் இடையில் அவன் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டிருந்தால், பணம் முழுவதையும் எண்ணி வைத்தாலும் துவக்கு அவன் கைக்குத் திரும்பாது.

இங்கிலாந்து இதற்கு நேர் எதிரான வழியில் நின்றது. அங்கே 1968ஆம் ஆண்டிலேயே நிறைவேறிய சுடுகலன்கள் சட்டம், அடைவு பிடிப்பவன் துவக்கையோ வேட்டைத் துவக்கையோ ஈடாக ஏற்பதைக் குற்றமாக்கியது. ஒரே ஆண்டில், ஒரே மொழி பேசும் இரு நாடுகள், ஒரே பொருளைப் பற்றி இவ்வாறு இரு வேறு முடிவுகளுக்கு வந்தன. இந்தியாவோ மூன்றாவது வழியொன்றைக் காட்டுகிறது. 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படி, ஒருவர் தம் சொந்தப் பாவனைக்கு வைத்திருந்த துவக்கைத் தகுதியுள்ள இன்னொருவருக்கு விற்கலாம். ஆயினும், விற்கும் எண்ணத்தையும் வாங்குபவரின் விபரத்தையும் மாவட்ட நீதவானுக்கோ பொலிஸ் நிலையத்துக்கோ எழுத்தில் அறிவித்து 45 நாட்கள் கழிந்த பின்னரே துவக்கு கைமாறலாம்.

இனி, இலங்கைக்கு வருவோம். இங்கே அடைவுத் தொழிலை ஆள்வது 1942ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அடகு பிடிப்போர் கட்டளைச் சட்டம். துவக்கை ஆள்வது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். பின்னையதன் உட்கருத்தை விளங்கிக்கொண்டவருக்கு மற்றவை யாவும் எளிதில் விளங்கும். நகை யாருடைய பெட்டியில் இருந்தாலும் நகையே. துவக்கோ அத்தகையதன்று; அது ஓர் ஆளின் பெயரோடும், அவ்வாளின் பெயரில் எழுதப்பட்ட அனுமதிப்பத்திரத்தோடும் பிணைந்து நிற்பது. அப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பத்திரத்திற் பெயரில்லாத ஒருவர் கையில் அதே துவக்கு ஓரிரவு தங்கினாலும், சட்டத்தின் கண்ணுக்கு அது அனுமதியற்ற துவக்கே. அயலவர் நல்லவராய் இருக்கலாம். கடன் நியாயமானதாய் இருக்கலாம். ஆனால் துவக்கை ஈடாகக் கொடுத்தவரும் ஏற்றவரும் ஒருங்கே வழக்கிற் சிக்குவர். 1996ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தண்டனைகளை மேலும் கடுமையாக்கியது. அடைவு கடையும் வங்கியும் பொன்னை மட்டும் நாடுவதன் காரணம் பொன்னின் விலை மாத்திரமன்று என்பது இதனால் தெளிவாகும்.

(1803 ஆகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிப் பண்டாரவன்னியன் கைப்பற்றிய பீரங்கிகளுக்கு எவரும் அனுமதிப்பத்திரம் கேட்கவில்லை. அக்காலம் வேறு.)

ஆகவே, பாவித்த துவக்கு இந்நாட்டில் முறைப்படி கைமாறும் வழி ஒன்றே. விற்பவர் அனுமதிப்பத்திரம் உடையவராய் இருத்தல் வேண்டும். வாங்குபவர் தம் பெயரில் அனுமதி பெறத் தகுதியுள்ளவராய் இருத்தல் வேண்டும். உரிமம் வழங்கும் அதிகாரியின் இசைவு முன்கூட்டியே கிடைத்திருத்தல் வேண்டும். 1978இல் முல்லைத்தீவு தனி மாவட்டமாகும் முன்னர் இப்பகுதியின் பெரும்பாகம் வவுனியா மாவட்டத்துள் அடங்கியிருந்தது. இன்று தண்ணீரூற்றுக் கமக்காரர் தம் அலுவலைக் கரைதுறைப்பற்றுப் பிரதேச செயலகத்திலும் முல்லைத்தீவு மாவட்டச் செயலகத்திலும் விசாரித்தறியலாம். விலையைப் பேசி முற்பணம் கொடுத்துவிட்டுப் பின்னர் அனுமதிக்கு அலைவது, தாலி செய்தபின் பெண் தேடுவதை ஒக்கும்.

சட்டம் இவ்வாறாக, துவக்கின் உடல்நிலை வேறொரு விடயம். பழைய துவக்கு பழைய மாட்டைப் போன்றது. பல்லைப் பிடித்துப் பாராமல் வாங்கலாகாது. முதலில், அது வெறுமையாய் உள்ளதா என்பதைத் தன் கண்ணாலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். “அடைக்கவில்லை” என்று கூறி நீட்டப்பட்ட துவக்குகள் பல உயிர்களைக் குடித்துள்ளன. பின், குழலைக் கழற்றி வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துப் பார்த்தால், உட்சுவரில் நிழல் வளையங்கள் ஒழுங்காகத் தோன்றுதல் வேண்டும். வளையம் ஓரிடத்தில் நெளிந்தால் அங்கே குழல் நசுங்கியோ வீங்கியோ இருக்கிறது. கரும்புள்ளிகள் துருவின் அடையாளம். இரட்டைக் குழல் துவக்காயின், குழலை விரலிலோ கயிற்றிலோ தொங்கவிட்டு மெல்லத் தட்டினால் மணிபோல் ஒலிக்கும். வெடித்த பானைபோல் மந்தமாய் ஒலித்தால் இரு குழல்களையும் பிணைக்கும் ஈயப்பற்று விட்டுவிட்டது என்பது பொருள். குழலைப் பூட்டியபின் அசைத்துப் பார்க்கும்போது கீல் ஆடுதலும் ஆகாது.

குழலின் அடிப்பாகத்திற் பொறித்த சிறு முத்திரைகளைப் பலர் அலங்காரம் என்று கடந்துவிடுகின்றனர். அவை அத்துவக்கின் சாதகக் குறிப்பு எனலாம். இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரில் 1813இல் ஏற்படுத்தப்பட்ட பரிசோதனைச் சாலையிலும், அதனினும் பழைய லண்டன் சாலையிலும், சாதாரண வெடியினும் வலிய வெடியை வெடித்துப் பார்த்த பின்னரே முத்திரை இடுவர். கருமருந்துக்கு மட்டும் சோதிக்கப்பட்டதா, புகையில்லா நவீன மருந்துக்கும் சோதிக்கப்பட்டதா என்பதை அம்முத்திரை சொல்லும். இரும்பையும் உருக்கையும் முறுக்கி அடித்துச் செய்த, பாம்புச் சட்டை போன்ற வரியுடைய ‘டமாஸ்கஸ்’ குழல் கண்ணுக்கு மிக அழகியது; ஆயினும் அதில் இக்காலத் தோட்டாவை இடுவது ஆபத்தை அழைப்பதாகும்.

தோட்டாவைப் பற்றியும் சில சொல்லவேண்டும். ‘பன்னிரண்டாம் நம்பர்’ என்று வழங்கும் துவக்கின் பெயர்க் காரணம் பலருக்குத் தெரியாது. ஒரு இறாத்தல் ஈயத்தைப் 12 சமமான உருண்டைகளாக வார்த்தால், அவ்வுருண்டை ஒன்றின் குறுக்களவே அத்துவக்குக் குழலின் உள்ளளவு. அது ஏறக்குறைய 18.5 மில்லிமீற்றர் ஆகும். இலக்கம் பெருகப் பெருகக் குழல் சிறுப்பது இதனாலேயே. இனி, பழைய ஆங்கிலத் துவக்குகளின் தோட்டா அறை பெரும்பாலும் இரண்டரை அங்குல நீளமுடையது. இன்று பெருவழக்காயுள்ள தோட்டா இரண்டே முக்கால் அங்குலம். கால் அங்குலந்தானே என்று எண்ணலாகாது. நீண்ட தோட்டாவும் அவ்வறையினுள் தடையின்றி நுழையும். ஏனெனில் தோட்டாவின் வாய் மடிந்திருக்கிறது. வெடிக்கும்போது மடிப்பு விரிந்து, குழல் ஒடுங்கும் இடத்தை அடைத்துக்கொள்ள, அமுக்கம் தாங்கும் அளவை மீறிவிடும். துவக்கு வெடித்துக் கை சிதறியதற்குப் பழி பெரும்பாலும் பேய்க்கோ விதிக்கோ போய்ச் சேரும். கால் அங்குலத்துக்குப் போய்ச் சேர்வதில்லை. குழலினுள் அடைபட்ட சேறும், பரணில் வைத்த துவக்கிற் குளவி கட்டிய மண்கூடும் இதே தீங்கைச் செய்யும்.

கடைசியாகப் பார்க்க வேண்டியது, எல்லாவற்றினும் முக்கியமானது: துவக்கின் தொடர் இலக்கமும் பத்திரத்தில் எழுதிய இலக்கமும் ஒன்றா என்பது. இலக்கம் அராவப்பட்டிருந்தால், மேலும் ஒரு சொல் பேசாது எழுந்து வருதல் நன்று. பிற இடங்களை விட இவ்வறிவுரை முல்லைத்தீவு மண்ணுக்கே மிகவும் வேண்டற்பாலது. 1980களிற் போர் மூண்ட பின்னர் வீடுகளில் இருந்த உரிமத் துவக்குகள் மெல்ல மெல்ல அகன்றன. அவற்றின் இடத்தை வேறு படைக்கலங்கள் நிரப்பின. 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலிற் போர் முடிவுற்றது; ஆனால் மண்ணுள் மறைந்தவை அனைத்தும் வெளிவந்து முடியவில்லை. வேலி நடும்போதும் கிணறு வெட்டும்போதும் தலைகாட்டும் துருப்பிடித்த ஆயுதத்தை எவனாவது ‘மலிவு’ என்று கூறி விற்க வந்தால், அதை வாங்குகிறவன் பன்றி வெருட்டும் கருவியை வாங்கவில்லை. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தையே வீட்டுக்கு அழைத்து வருகிறான். இத்தகைய ஒரு துவக்கினால் ஒரு குடும்பத்தின் இளைஞன் விளக்கமறியலில் இருக்க நேர்ந்தால், தாயின் காப்பு மறுபடியும் அடைவு கடைக்குத்தான் போகும். இம்முறை விதைநெல்லுக்காக அன்று, வழக்குச் செலவுக்காக.

மலிந்த துவக்கின் இன்னொரு கொடிய பயன் ‘கட்டுத்துவக்கு’. வரம்போரத்திற் கட்டி, கம்பியை இழுத்து, பன்றி வரும் வழியிற் பொறிவைப்பது. கம்பிக்குப் பன்றி என்றும் பக்கத்து வயற்காரன் என்றும் பேதமில்லை. யானையின் கால் அதில் அகப்பட்டால், அது புண்பட்டு நாட்கணக்கில் வருந்திச் சாகும். 1937ஆம் ஆண்டின் விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தால் யானை காக்கப்பட்டது என்பது ஒருபுறமிருக்க, புண்பட்ட யானை ஊருக்கு எத்துணை ஆபத்தானது என்பதை வன்னியாருக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

உரிமம் உள்ளவர்களும் அரசின் பார்வைக்கு அப்பாற்பட்டவர் அல்லர். 2024 நவம்பரில், தற்பாதுகாப்புக்கென வழங்கிய துவக்குகளை மீளாய்வுக்காக ஒப்படைக்குமாறு பாதுகாப்பு அமைச்சு பணித்தது. ஒருமுறை பெற்றுவிட்டால் என்றென்றைக்கும் தம்முடையது என்ற எண்ணம், நிலத்துக்குப் பொருந்தலாம், துவக்குக்குப் பொருந்தாது.

துவக்கு உரியவர் இறந்துவிட்டால் அவ்வீட்டார் செய்ய வேண்டியதும் இதன்வழியே பெறப்படும். பத்திரம் இறந்தவரின் பெயரில் இருப்பது. மனைவிக்கோ மகனுக்கோ அது தானாகச் சேராது. அந்தியேட்டிச் செலவுக்கென்று அதனை ஒருவரிடம் ஈடு வைப்பதும், மாமன் முறையான ஒருவர் “நான் வைத்திருக்கிறேன்” என்று எடுத்துச் செல்வதும், துக்க வீட்டிலே புதிய துன்பத்தை விதைப்பதாகும். இறப்பை உடனே கிராம அலுவலருக்கும் பொலிஸ் நிலையத்துக்கும் அறிவித்து, துவக்கையும் எஞ்சிய தோட்டாக்களையும் ஒப்படைத்து, எழுத்திற் பற்றுச்சீட்டுப் பெற்றுக்கொள்ள வேண்டும். மகன் கமஞ்செய்பவனாய், தன் பெயரில் அனுமதி பெற விரும்புபவனாய் இருந்தால், அப்பற்றுச்சீட்டையும் இறப்புச் சான்றிதழையும் தந்தையின் பழைய பத்திரத்தையும் இணைத்தே விண்ணப்பத்தைக் கொடுக்கலாம்.