குழாய் பதிக்கும் காயம்

நாவிதன்வெளியில் வயல் செய்யும் ஒரு குடும்பத்தைப் பார்க்கப் போயிருந்தேன். பாம்பு தீண்டி, பல நாட்கள் செயற்கைச் சுவாசத்தில் இருந்து பிழைத்தவர் அந்த வீட்டுக்காரர். அவரது உதட்டோரத்தில் ஆறாத புண் ஒன்று இருந்தது. "மகள், அது பாம்புட விஷம்தான் வாயால வெளியாகியிருக்கு" என்றார் அவருடைய உம்மா.

அது விஷமல்ல; உயிரைக் காத்த குழாய் அழுத்திய இடம்.

கட்டுவிரியன் கடித்தாலோ, கிருமிநாசினி உடலில் சேர்ந்தாலோ மூச்சுவிடும் தசைகள் செயலிழக்கலாம். அப்போது வாய்வழியாகச் சுவாசக் குழாய் செலுத்தி, அதை நாடாவால் கட்டுவார்கள். குழாய் ஒரே இடத்தில் அழுத்தினால் அங்கே இரத்த ஓட்டம் குறைந்து உதடு, நாக்கு, ஈறு புண்ணாகும். மயக்கத்தில் இருப்பவரால் "வலிக்கிறது" என்று சொல்ல முடியாது. முகம் வீங்கும்போது தளர்வாக இருந்த நாடாவும் இறுகிவிடும். கொவிட் காலத்தில் குப்புறப் படுக்கவைக்கப்பட்ட நோயாளர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகமாக இருந்தது.

மருத்துவ உபகரணங்களால் வாயின் மென்சவ்வில் ஏற்படும் இக்காயத்தை, படுக்கைப் புண்ணைப் போல் நிலை பிரித்து மதிப்பிட முடியாதென 2016இல் அமெரிக்க நிபுணர் குழுவொன்று தெளிவுபடுத்தியது. ஆகவே வருமுன் காப்பதே வழி. தாதியர் வாயினுள்ளே அடிக்கடி பார்ப்பர். வாயைச் சுத்தம் செய்து ஈரமாக வைப்பர். குழாயை வாயின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாற்றுவர். குழாய் நழுவினால் உயிருக்கே ஆபத்து என்பதால், இதை இருவராகச் செய்வதே பாதுகாப்பு.

நாம் என்ன செய்யலாம்?

கட்டுப்பல், ஆடும் பல், வெற்றிலைப் பழக்கம், முன்பிருந்த வாய்ப்புண் ஆகியவற்றை அனுமதிக்கும்போதே சொல்லுங்கள். பார்க்கச் செல்லும்போது உதட்டையும் கடைவாயையும் கவனியுங்கள். சிவப்போ, வீக்கமோ, இரத்தக் கசிவோ கண்டால், "மிஸ், இந்த இடத்தை ஒருக்கா பாருங்க" என்று பணிவோடு கேளுங்கள். அது குறை சொல்வதாகாது. குழாயையும் நாடாவையும் நீங்கள் தொடவே கூடாது. எண்ணெய், தேன் எதுவும் பூச வேண்டாம்.

இன்னொன்று. பாசத்தில் பலர் ஸம்ஸம் தண்ணீரையோ கோயில் தீர்த்தத்தையோ வாயில் விட நினைப்பதுண்டு. ஒரு துளியும் வேண்டாம். அது நுரையீரலுக்குள் இறங்கக்கூடும். காதருகே துஆ ஓதுங்கள், பெயர் சொல்லி அழையுங்கள்.

வீடு திரும்பிய பின்னும் புண் இருந்தால் உறைப்பையும் வெற்றிலையையும் தவிர்த்து, ஆறிய கஞ்சி கொடுங்கள். கிளினிக்கில் அதைக் காட்டத் தவறாதீர்கள். அந்த உம்மாவிடமும் இதையே சொன்னேன். அடுத்த கிளினிக் நாளில் மகனை அழைத்துச் சென்றார்.

சகோதரிகளே, பேச முடியாதவரின் வாய்க்கு நமது கண்ணே காவல்.