நெடுந்தீவின் மட்டக்குதிரைகள்

குறிகட்டுவானிற் படகேறி ஏறக்குறைய ஒரு மணி நேரம் கடலிற் சென்றால் நெடுந்தீவை அடையலாம். முருகைக்கல் வேலிகளைக் கடந்து, குடியிருப்புக் குறைந்த புல்வெளிகளை அணுகினால், குதிரைகள் கூட்டமாக மேய்வதைக் காணலாம். அவற்றுக்குக் கடிவாளமும் இல்லை, லாயமும் இல்லை.

இவை இத்தீவிற் பிறந்த காட்டு விலங்குகள் அல்ல. யாழ்ப்பாணம் 1619இல் போர்த்துக்கேயர் வசமாயிற்று. 1658இல் ஒல்லாந்தர் வசமாயிற்று. அவ்விரு காலங்களிலும் இங்கே குதிரைகள் கொணரப்பட்டு வளர்க்கப்பட்டன. நாற்புறமும் கடலே வேலியாக அமைந்த தீவு குதிரை வளர்ப்போர்க்கு வாய்ப்பான இடமன்றோ? ஆங்கிலேயர் காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நோலன் என்னும் படையதிகாரி இவ்வளர்ப்பை மேற்பார்த்தார். அக்காலத்து லாயத்தின் கற்றூண்கள் இன்றும் நிற்கின்றன. பின்னர் வளர்ப்புக் கைவிடப்பட்டது. எஞ்சிய குதிரைகள் தம் போக்கிலே பெருகின.

ஆங்கில நாட்டில் ஜான் ரசல் என்னும் பாதிரியார், நரி வேட்டைக்கென்று தேர்ந்து வளர்த்த சிறிய நாயினம் அவர் பெயராலேயே வழங்குகின்றது. அவ்வினத்தின் குணத்தை மனிதன் தெரிந்தெடுத்தான். நெடுந்தீவுக் குதிரைக்கோ வெயிலும் வறட்சியும் உவர்க்காற்றுமே ஆசிரியர்கள். உருவிற் சிறிய இவை குறைந்த தீனியில் உயிர் வாழ்கின்றன. ஓர் ஆண்குதிரை, சில பெட்டைகள், அவற்றின் குட்டிகள் எனக் குடும்பமாகத் திரிகின்றன. மனிதர் நெருங்கினால் தலையுயர்த்திப் பார்த்து, மறுகணமே பாய்ந்தோடுகின்றன. இது முரட்டுத்தனம் அன்று. காப்பார் இன்றி வாழ்ந்த பல தலைமுறைகள் கற்பித்த எச்சரிக்கை.

எனினும் அந்த எச்சரிக்கை தாகத்தைத் தீர்க்காது. நெடுந்தீவில் நன்னீர் அரிது. மழை பொய்த்த ஆண்டுகளில் குட்டைகள் வற்ற, குதிரைகள் நீரின்றி மாண்டன. அதே நீருக்காகத் தீவின் பெண்கள் குடத்துடன் நெடுந்தொலைவு நடக்கின்றனர்; அதே புல்லை அவர்களுடைய பசுக்களும் நாடுகின்றன. ஆகவே, குதிரைக்கு இரங்குவோர் மக்களின் இடரை மறத்தல் தகாது. 2015இல் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு நன்றே, ஆனால் கோடையில் உயிரைக் காப்பது தொட்டியில் நிற்கும் நீர்தான்.

தம் தேவைக்காகக் கொணர்ந்தோர் கப்பலேறிப் போய்விட்டனர். கொணரப்பட்டவை நம்மிடம் நின்றுவிட்டன. குதிரைகளைக் காண நெடுந்தீவு செல்லும் மாணவர்கள், அவற்றைத் துரத்திப் படமெடுத்து மகிழாது, தொலைவில் நின்று பார்ப்பார்களாக. ஊர்க் குளங்களைத் தூர்வாரும் பணி நடந்தால் அதற்கும் கைகொடுப்பார்களாக. அந்நீர் மனிதருக்கும் குதிரைக்கும் பொது.