கடலில் தொடங்கி மாத்தளையில் முடியும் பாதை

மாத்தளை மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. ஆனால் அங்கே தமிழர்களைக் கொண்டுவந்து சேர்த்த பாதை கடல் மணலில்தான் தொடங்குகிறது. கோப்பித் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்தவர்கள் தலைமன்னாரில் தோணியை விட்டு இறங்கி, முருங்கன், செட்டிக்குளம், மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா என்று நடந்தே மாத்தளைக்கு வந்தார்கள். ஆங்கிலேய அதிகாரிகளின் ஏடுகளில் இது வடக்குப் பாதை. இன்று ஏறக்குறைய அதே தடத்தில் மதவாச்சி வரை ஏ14 வீதியும், அங்கிருந்து தெற்கே ஏ9 வீதியும் போகின்றன.

கண்டி மலைநாட்டில் 1820களில் கோப்பி பயிராகத் தொடங்கியது. பழம் பறிக்கும் சில மாதங்களில்தான் அதற்கு ஆள் மிகுதியாக வேண்டும். ஆகவே மதுரை, இராமநாதபுரம், திருச்சி, தஞ்சைப் பக்கங்களிலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். ஒரே பாதையில் போகவும் வேண்டும், வரவும் வேண்டும். ஆண்டு முழுதும் வேலை வாங்கும் தேயிலை வந்த பிறகுதான் குடும்பங்கள் லயம் என்னும் தோட்டத்து வரிசை வீடுகளில் நிலைத்தன. கூட்டத்தை நடத்தி வந்தவர் கங்காணி. ஊரிலேயே முன்பணம் கொடுத்து ஆள் பிடிப்பார். வழிச்செலவும் கணக்கில் ஏறும். மலையைக் கண்ணால் காணும் முன்பே தொழிலாளி கடனாளி ஆகிவிடுவான்.

கடலைத் தாண்டுவது சிறிய வேலை. பாக்கு நீரிணை அங்கே குறுகலானது. ஆளைக் கொன்றது தரைவழிதான். மன்னார் தொடங்கித் தம்புள்ளை வரை வறண்ட வலயம். வடகீழ்ப் பருவமழை ஐப்பசிக்குப் பிறகுதான் பெய்யும். அதற்கு முன் நடப்பவர்களுக்குக் குளங்களில் சேறு கலந்த தண்ணீர்தான் கிடைக்கும். ஒரு கூட்டம் குடித்துக் குளித்துப் போன கரையில் அடுத்த கூட்டம் வந்து இறங்கும். வாந்திபேதி பரவ இதைவிட வசதியான ஏற்பாடு வேண்டாம். மழைக்குப் பிறகு நடந்தால் மலேரியா. 1840களில் மட்டும் சுமார் 70,000 பேர் இறந்திருப்பார்கள் என்று கொழும்புப் பத்திரிகையான 'ஒப்சர்வர்' 1849இல் எழுதியது. அது மிகைக் கணக்கு என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. பாதியாகக் குறைத்துக்கொண்டாலும் அது ஒரு பெரிய மயானத்தின் கணக்குதான். அரசாங்கம் வழியில் கிணறும் தங்குமடமும் மருத்துவமனையும் கட்டியது பிற்பாடுதான்.

தம்புள்ளையில் பாதை மாத்தளை மாவட்டத்துக்குள் நுழைகிறது. குகைக் கோயிலையும் பக்கத்துச் சிகிரியாவையும் பற்றி எல்லா வழிகாட்டி நூல்களும் சொல்லும். நான் நாலந்தாவுக்குப் போகிறேன். ஏ9 வீதியிலிருந்து சற்று விலகி நிற்கும் கெடிகே என்னும் பழைய கோயில் முழுக்கக் கருங்கல்லால் ஆனது. பௌத்தக் கட்டடம், ஆனால் அதிட்டானமும் தூண்களும் மண்டபமும் மாமல்லபுரத்துச் சிற்பிகளின் கைவரிசையை நினைவூட்டும். 8 முதல் 10ஆம் நூற்றாண்டுக்குள் எழுந்தது என்பார்கள். மகாவலித் திட்டத்தின் போவத்தென்ன நீர்த்தேக்கம் வந்தபோது பழைய இடம் நீரில் மூழ்கும் என்றானது. கல் கல்லாகக் கழற்றி, மேட்டில் திரும்ப அடுக்கினார்கள். இன்று நீர்த்தேக்கத்தின் கரையில் நிற்கிறது.

மாத்தளை நகருக்குச் சற்று வடக்கே, வீதியோரமாகவே அளுவிகாரை. கி.மு. முதல் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், அதுவரை வாய்மொழியாக ஓதப்பட்ட பாளித் திரிபிடகம் இங்கேதான் ஓலையில் ஏறியது என்பது பௌத்த மரபு. ஓலை எழுதும் முறையை இப்போதும் வருகிறவர்களுக்குச் செய்து காட்டுகிறார்கள். தாளிப்பனையின் குருத்தோலையை அவித்து, உலர்த்தி, தேய்த்து வழவழப்பாக்குவார்கள். எழுத்தாணி கீறும்போது எழுத்து கண்ணுக்கே தெரியாது. கரியும் எண்ணெயும் கலந்த மையைப் பூசித் துடைத்ததும், கீறலில் மட்டும் கருமை தங்கி வரி முழுதும் எழுந்து வரும். விகாரையின் பழைய நூலகம் ஆங்கிலேயருக்கு எதிரான 1848 மாத்தளைக் கிளர்ச்சியின்போது அழிந்தது.

நகரத்தில் முத்துமாரியம்மன் கோயில், 108 அடி இராஜகோபுரத்தோடு. தமிழருக்கு எதிரான 1983 கலவரத்தில் தேர்களோடு எரிந்து, மீண்டும் எழுந்த கோயில் இது. நடந்து வந்த கூட்டங்கள் கும்பிட்ட அம்மன் என்பதுதான் மலையகத்தில் இவளுக்குள்ள தனி மதிப்பு. மாசி மகத்தில் ஐந்து தேர்கள் வீதி உலா வரும்.

மாத்தளைக்கு ரயில் வந்தது 1880இல், தலைமன்னாருக்கு 1914இல். அதற்குள்ளாகவே நடைப்பயணக் காலம் முடிந்திருந்தது. 2023இல், மலையகத் தமிழர் வருகையின் 200ஆம் ஆண்டை முன்னிட்டு, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை சுமார் 252 கிலோமீட்டரை ஒரு குழுவினர் மறுபடி நடந்தார்கள். ஜூலை 28இல் புறப்பட்டு ஆகஸ்ட் 12இல் வந்து சேர்ந்தார்கள்.

சுற்றுலாக்காரர்கள் பெரும்பாலும் கண்டியிலிருந்து மாத்தளைக்கு வருகிறார்கள். நீங்கள் எதிர்த்திசையில் வாருங்கள். தலைமன்னாரில் பழைய இறங்குதுறையைப் பார்த்துவிட்டுப் புறப்பட்டால், முட்புதரும் பனையும் குறைந்து, நாலந்தாவுக்குப் பிறகு மிளகுக் கொடியும் கொக்கோவும் பாக்கு மரமும் தொடங்கும், காற்றும் மாறும். மாசி மகத்துக்கு வருகிறவர்கள் மாத்தளையில் தங்குமிடத்தை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். தேரன்று நகருக்குள் வாகனம் ஓட்டும் எண்ணம் வேண்டாம்.