செங்காந்தள்

செங்காந்தள் என்பது கிழங்கிலிருந்து முளைத்துப் பற்றி ஏறும் பல்லாண்டுக் கொடியாகும். இதன் தாவரவியல் பெயர் குளோரியோசா சுபெர்பா. கார்ல் லின்னேயசு 1753-இல் இப்பெயரை வெளியிட்டார். முன்பு லிலியேசியே குடும்பத்தில் வைக்கப்பட்டிருந்த இச்செடி இப்போது கோல்ச்சிக்கேசியே குடும்பத்தில் சேர்க்கப்படுகிறது. ஆப்பிரிக்காவின் வெப்பமண்டலப் பகுதிகள், இந்தியா, இலங்கை, தென்கிழக்கு ஆசியா ஆகியவை இதன் தாயகம். தமிழ்நாட்டின் மாநில மலரும் சிம்பாப்வே நாட்டின் தேசிய மலரும் இதுவே.

இச்செடியின் எல்லாப் பகுதிகளிலும் கோல்ச்சிசின் என்னும் காரப்போலி உள்ளது. மருந்தாகப் பயன்படுவதும் உயிரைப் பறிக்கும் நஞ்சாவதும் இந்த ஒரே பொருள்தான். அளவு மட்டுமே வேறு.

பெயர்கள்

கிழங்கு கலப்பை போல இரு கவையாகப் பிரிந்திருப்பதால் கலப்பைக்கிழங்கு என்றும், கார்த்திகை மாதத்தையொட்டிப் பூப்பதால் கார்த்திகைப்பூ என்றும் அழைக்கப்படுகிறது. பூவை உற்றுப் பார்த்தால் கண் வலிக்கும் என்ற நம்பிக்கையால் கண்வலிக்கிழங்கு என்ற பெயரும் உண்டு. வேளாண் சந்தையில் இந்தப் பெயரே வழக்கில் உள்ளது. வடமொழியில் லாங்கலி எனப்படும். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் வரும் மலர்ப் பட்டியலில் முதலில் இடம்பெறுவது செங்காந்தளே.

தாவர அமைப்பு

மழைக்காலத்தில் கிழங்கு முளைத்துக் கொடியாகிறது. இலையின் நுனி நீண்டு பற்றுக்கம்பியாகச் சுருள்கிறது. கொடி அதைக் கொண்டே வேலியையும் புதரையும் பிடித்து ஏறும். பூவில் ஆறு இதழ்கள் உள்ளன. அவை அலையலையான விளிம்புடன் பின்னோக்கி மடிந்து நிற்கும். அரும்பில் பச்சையாக இருக்கும் இதழ், மஞ்சள், செம்மஞ்சள் எனப் படிப்படியாக மாறி முழுச் சிவப்பாகிறது. இதனால் ஒரே கொடியில் பல நிறப் பூக்களைக் காணலாம்.

பருவம் முடிந்ததும் கொடி காய்ந்துவிடும். அந்த ஆண்டு முளைத்த பழைய கிழங்கு சுருங்கி அழியும். அதற்கு முன்பே புதிய கிழங்குகள் உருவாகி, உணவைச் சேமித்துக்கொண்டு மண்ணுக்குள் உறக்கநிலையில் அடுத்த மழைக்குக் காத்திருக்கும்.

மகரந்தச் சேர்க்கை

பூவின் ஆறு மகரந்தத்தாள்களும் வெளிப்புறமாக விரிந்திருக்கும். சூல்தண்டோ அடியிலேயே ஏறத்தாழச் செங்கோணத்தில் வளைந்து, மகரந்தப்பைகளை விட்டு விலகி நிற்கும். ஆகவே ஒரு பூவின் மகரந்தம் அதே பூவின் சூல்முடியில் தானாக விழுவது அரிது. பட்டாம்பூச்சி, தேன்சிட்டு போன்றவை வந்தால்தான் சேர்க்கை நடைபெறும். இந்த அமைப்பு அயல் மகரந்தச் சேர்க்கைக்கு உதவுகிறது.

சாகுபடியில் இதுவே பெரிய இடர்ப்பாடாகிறது. விதைக்காகவே இப்பயிர் வளர்க்கப்படுகிறது. வயல் முழுவதும் ஒரே நேரத்தில் பூக்கும்போது பூச்சிகளை மட்டும் நம்பினால் காய்ப்பிடிப்பு குறைந்துவிடும். எனவே உழவர்கள் காலை வேளையில் ஒவ்வொரு பூவாகத் தொட்டு, மகரந்தத்தை எடுத்துச் சூல்முடியில் தடவுகின்றனர். பூக்கும் காலம் முழுவதும் நாள்தோறும் இவ்வேலை தொடரும். சாகுபடிச் செலவில் ஆள்கூலி மிகுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இனப்பெருக்கம்

விதை மூலமும் கிழங்கு மூலமும் இதனைப் பெருக்கலாம். விதைக்குக் கடினமான உறையும் உறக்கநிலையும் இருப்பதால் முளைக்க நீண்ட காலம் ஆகும். முளைத்த நாற்று பூக்கும் அளவுக்குக் கிழங்கு திரட்ட மூன்று, நான்கு ஆண்டுகள் பிடிக்கும். கிழங்கை நட்டால் அதே ஆண்டில் பூத்துக் காய்க்கும். ஆகவே சாகுபடிக்குக் கிழங்கே பயன்படுகிறது.

கிழங்கிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒவ்வொரு கவையின் நுனியிலும் ஒரே ஒரு முளைக்குருத்துதான் இருக்கும். கிழங்கு எளிதில் ஒடியக்கூடியது. தோண்டும்போதோ ஏற்றி இறக்கும்போதோ அந்த நுனி முறிந்தால் அக்கவை முளைக்காது. உருளைக்கிழங்கைப் போலப் பல கண்களாக வெட்டி நட முடியாது. இக்குறையை நீக்கத் திசு வளர்ப்பு முறையில் நாற்றுகளை உருவாக்கும் ஆய்வுகள் நடைபெற்றுள்ளன.

தமிழ்நாட்டில் மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம், அரியலூர் வட்டாரங்களில் இது பயிராகிறது. கொடி ஏறக் கம்பிப் பந்தலோ, கிளுவை போன்ற உயிர்வேலிக் கொம்புகளோ அமைக்கப்படுகின்றன. ஆனி, ஆடியில் நட்டால் ஏறத்தாழ ஆறு மாதங்களில் காய் முற்றும். காயை உலர்த்தி எடுக்கும் செந்நிற விதைகள் மருந்து நிறுவனங்களுக்குச் செல்கின்றன.

கோல்ச்சிசின் செயல்படும் முறை

கோல்ச்சிசினை 1820-இல் பிரான்சைச் சேர்ந்த பெல்லெத்தியே, கவெந்தூ ஆகியோர் ஐரோப்பியச் செடியான கோல்ச்சிக்கத்திலிருந்து பிரித்தெடுத்தனர். செங்காந்தளிலும் அதே பொருள் இருப்பது 1915-இல் வெளியான ஆய்வில் காட்டப்பட்டது.

உயிரணுவுக்குள் டியூபுலின் என்னும் புரதம் ஒன்றோடொன்று இணைந்து நுண்குழல்களை உண்டாக்குகிறது. உயிரணு பிரியும்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுக்கும் கதிர்கோல் இழைகள் இந்த நுண்குழல்களே. கோல்ச்சிசின் டியூபுலினுடன் ஒட்டிக்கொண்டு அவை உருவாவதைத் தடுக்கிறது. அதனால் பிரிதல் மெட்டாஃபேசு நிலையிலேயே நின்றுவிடுகிறது. தாவரங்களின் டியூபுலினுடன் கோல்ச்சிசின் வலுவாக இணைவதில்லை.

அதிகச் செறிவில் கொடுத்தால் தாவர உயிரணுவிலும் இது வேலை செய்யும். குரோமோசோம்கள் இரட்டித்தும் உயிரணு இரண்டாகப் பிரியாததால் பன்மடியம் தோன்றுகிறது. 1937 முதல் பயிர் மேம்பாட்டில் இம்முறை கையாளப்படுகிறது. விதையில்லாத் தர்ப்பூசணி இவ்வழியில் கிடைத்ததே.

அமெரிக்காவின் இசுடான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் செங்காந்தளின் எட்டு மரபணுக்களைக் கண்டறிந்து, அவற்றைப் புகையிலை இனச் செடி ஒன்றில் செலுத்தி, கோல்ச்சிசினின் முன்னோடிப் பொருளை அச்செடியிலேயே உண்டாக்கிக் காட்டினர்.

மருத்துவப் பயன்

யூரிக் அமிலப் படிகங்கள் மூட்டில் தேங்கிக் கடும் வலி தரும் கீல்வாத நோய்க்குக் கோல்ச்சிசின் மாத்திரை வழங்கப்படுகிறது. படிகங்களை நோக்கி விரையும் வெள்ளையணுக்களின் நகர்வுக்கு நுண்குழல்கள் தேவை. அவை தடைபடுவதால் வீக்கம் தணிகிறது. நடுநிலக்கடல் குடும்பக் காய்ச்சல் என்னும் பரம்பரை நோய்க்கும் இது மருந்தாகிறது. 2023-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதய இரத்தக்குழாய் நோய் உடையோருக்கும் 0.5 மில்லிகிராம் அளவில் இதனை அனுமதித்தது. விதையிலிருந்து பெறப்படும் கோல்ச்சிகோசைடிலிருந்து தசை இறுக்கம் தளர்த்தும் மருந்து செய்யப்படுகிறது.

சித்த, ஆயுர்வேத மருத்துவங்களில் கிழங்கைச் சுத்தி செய்த பிறகே மருந்தில் சேர்ப்பர். மோரில் ஊறவைத்து உலர்த்துவது அத்தகைய முறைகளில் ஒன்று. இந்திய மருந்துச் சட்ட விதிகளில் நச்சுச் சரக்குகளின் அட்டவணையில் லாங்கலி இடம்பெற்றுள்ளது. இதைச் சேர்த்த மருந்தை மருத்துவர் மேற்பார்வையில்தான் உட்கொள்ள வேண்டும்.

நச்சுத்தன்மை

கிழங்கைச் சர்க்கரைவள்ளி போன்ற உண்ணத்தக்க கிழங்கு என்று தவறாக எண்ணிச் சமைத்து உண்டவர்கள் இறந்த நிகழ்வுகள் இலங்கையிலும் இந்தியாவிலும் பதிவாகியுள்ளன. வேக வைப்பதால் நஞ்சு நீங்காது.

விரைந்து பிரியும் உயிரணுக்களே முதலில் பாதிக்கப்படுகின்றன. உண்ட சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுவலி, கடும் பேதி தொடங்கும். ஓரிரு நாட்களில் எலும்பு மச்சை செயலிழந்து இரத்த அணுக்கள் குறையும். சிறுநீரகம், இதயம் முதலியவையும் பழுதாகும். பிழைப்பவர்களுக்குப் பின்னர் முடி கொட்டுவதும் இதன் விளைவே. பேதி நின்றவுடன் ஆபத்து நீங்கிவிட்டது என்று கருதக்கூடாது. வழக்கமாகக் கிடைக்கக்கூடிய முறிமருந்து எதுவும் இல்லை. ஆதலால் அறிகுறிக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதே வழி.

பாம்புக்கடிக்கும் மகப்பேற்றை விரைவுபடுத்தவும் கிழங்கைக் கொடுக்கும் நாட்டு வழக்கம் சில இடங்களில் உள்ளது. பாம்புக்கடிக்குப் பாம்பு நஞ்சுமுறி ஊசியே மருந்து. கிழங்கு அந்த உடலில் இரண்டாவது நஞ்சைச் சேர்க்கும்.

பாதுகாப்பு

இலையையோ பூவையோ பறித்தால் செடி மீண்டும் தழைக்கும். கிழங்கைத் தோண்டினால் கொடி முழுவதும் போய்விடும். விதையிலிருந்து அந்த இடம் நிரம்பப் பல ஆண்டுகள் ஆகும். காடுகளிலும் வேலியோரங்களிலும் கிழங்கு தோண்டப்படுவதால் பல இடங்களில் செங்காந்தள் குறைந்துள்ளது. இதற்கு மாறாக, ஆசுத்திரேலியாவின் கிழக்குக் கடற்கரை மணற்குன்றுகளில் தோட்டங்களிலிருந்து தப்பிப் பரவிய இதே கொடி களையாகக் கருதப்பட்டு அகற்றப்படுகிறது.

வீட்டில் அழகுக்காக வளர்ப்போர் குழந்தைகளுக்கும் கால்நடைகளுக்கும் எட்டாத இடத்தில் வளர்க்க வேண்டும். கிழங்கைச் சமையல் கிழங்குகளோடு சேர்த்து வைக்கக்கூடாது. தொட்டியில் பெயர் எழுதி வைப்பது, செடியை அறியாதவர் தோண்டி எடுப்பதைத் தடுக்கும்.